செபமாலை ஏந்திய கைகள்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரைச் சிந்தனையின் எழுத்து வடிவம்)



சேர்ந்து செபிக்கும் குடும்பம் சேர்ந்து வாழும் என்ற வாசகத்தை நம்மில் கேட்டறியாதவர் இருக்க மாட்டோம். ஆலயச் சுவரில் பார்த்திருக்கிறோம். நம் வீட்டுப் பீடத்தின் மேலே தொங்கும் படத்திலும் பார்த்திருக்கிறோம். இந்த வாசகத்தை ஊர் ஊராக, நாடு நாடாகக் கொண்டுபோனவர் பாட்ரிக் பெய்ட்டன் அடிகளார். அயர்லாந்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, அமெரிக்காவில் திருச்சிலுவை சபையில் குருவானவர். குடும்பங்கள் மாலையில் ஒன்றாக முழந்தாளிட வேண்டும் என்ற ஒரே ஆசைக்காக வாழ்நாளைக் கொடுத்தவர். 2017-ஆம் ஆண்டு திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது.

1962 டிசம்பரில் அவர் பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனீரோ நகரில் செபமாலைப் பேரணி நடத்தினார். கடல்போல் மக்கள் திரண்டார்கள். உலகிலேயே மிக அதிகமான கத்தோலிக்கர் வாழும் நாடு அல்லவா! பதினைந்து மாதங்கள் கழித்து, அதே நாட்டில் மீண்டும் இலட்சக்கணக்கான கைகளில் செபமாலை ஏந்தப்பட்டது. இம்முறை ஏந்தியவர்களில் முன்னணியில் நின்றவர்கள் பெண்கள். செபமாலையோடு பதாகைகளும் இருந்தன. அவர்கள் செபித்தது ஓர் அரசு போக வேண்டும் என்று. அந்த வரலாற்றையே இன்று நாம் சிந்திக்கப் போகிறோம்.

அன்றைய பிரேசிலை முதலில் மனக்கண்ணில் கொண்டு வருவோம். வயது வந்தோரில் பத்துக்கு நான்கு பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அந்நாட்டில் வாக்குரிமையும் கிடையாது. வடகிழக்குப் பகுதியில் கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லை. அவர்கள் சங்கம் சேரத் தொடங்கினார்கள், நிலம் கேட்டார்கள். 1961-இல் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்ற ஜோவாவ் குலார்ட் நிலச் சீர்திருத்தம் செய்வேன் என்றார். அவர் கம்யூனிஸ்டு அல்ல. தாமே பெரிய நிலக்கிழார். ஆனால் கம்யூனிஸ்டுகள் அவரை ஆதரித்தார்கள். அவருடைய மைத்துனர் லியோனல் பிரிசோலா அனல் பறக்கப் பேசும் இடதுசாரித் தலைவர்.

இதைக் கண்டு நகரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் அஞ்சின. அந்த அச்சம் வெறும் கற்பனையல்ல. ஹங்கேரியில் கர்தினால் மின்சென்டியை 1949-இல் கம்யூனிச அரசு ஆயுள் சிறைக்கு அனுப்பியிருந்தது. கியூபாவில் கத்தோலிக்கப் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டது. 1961 செப்டம்பரில் ஒரே கப்பலில் நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட குருக்களை நாட்டைவிட்டு அனுப்பியது. இச்செய்திகள் ஒவ்வொரு பங்கிலும் பேசப்பட்டன. நாளை நம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லித் தர முடியுமா, நம் ஆலயம் திறந்திருக்குமா என்று ஒரு தாய் கலங்கினால் நாம் அவளைக் குறை சொல்ல முடியாது.

திருச்சபையின் படிப்பினையும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் கடவுளை மறுக்கும் கம்யூனிசத்தைக் கண்டித்துச் சுற்றுமடல் எழுதிய நாள் 1937 மார்ச் 19, சூசையப்பர் திருவிழா. அந்தப் போராட்டத்தை உழைப்பாளியான சூசையப்பரின் பாதுகாவலில் அவர் ஒப்படைத்தார். அதே சுற்றுமடலில், தொழிலாளிக்கு நியாயமான கூலி தராத கிறிஸ்தவ முதலாளிகளையும் அவர் கடிந்துகொண்டார். இந்த இரண்டாவது பகுதியைப் பலர் வாசிக்கவில்லை. வாசித்தவர்களும் உரக்கச் சொல்லவில்லை.

1962-இல் ரியோவில் ஓய்வு பெற்ற ஆசிரியை அமேலியா பாஸ்தோசும் அவருடைய தோழியரும் மக்களாட்சிக்கான பெண்கள் இயக்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். பங்குத்தந்தை ஒருவரும் அவர்களுக்கு ஊக்கம் கொடுத்தார். சாவோ பவுலோவில் பெண்கள் குடிமை ஒன்றியம் என்ற அமைப்பு எழுந்தது. பெரும்பாலும் நடுத்தர, வசதியுள்ள வீட்டுப் பெண்கள். கணவர்மார் மருத்துவர்கள், படை அதிகாரிகள், வணிகர்கள். இப்பெண்கள் வீட்டு வரவேற்பறையில் கூடினார்கள், கடிதம் எழுதினார்கள், துண்டறிக்கை கொடுத்தார்கள். தொலைபேசியில் ஒருவர் சிலரை அழைக்க, அந்தச் சிலர் வேறு சிலரை அழைக்க, ஒரே நாளில் செய்தி நகரெங்கும் பரவியது. நாங்கள் அரசியல்வாதிகள் அல்ல, தாய்மார், மனைவியர், கிறிஸ்தவர்கள் என்றே தங்களை அறிமுகம் செய்துகொண்டார்கள்.

பின்னாளில் சிலர் இவர்களைப் பணக்காரர்கள் ஆட்டுவித்த பொம்மைகள் என்று எழுதினார்கள். அதில் பாதி உண்மை உண்டு. தொழிலதிபர்கள் 1961-இல் அமைத்த ஓர் ஆய்வு நிறுவனம் பெண்கள் அமைப்புகளுக்குப் பண உதவி செய்தது. பெய்ட்டன் அடிகளாரின் தென் அமெரிக்கப் பேரணிகளுக்குக்கூட அமெரிக்க உளவுத்துறையின் பணம் வந்ததை அவருடைய சபையைச் சேர்ந்த வரலாற்றாசிரியரே ஆவணங்களைக் கொண்டு எழுதியிருக்கிறார். பிறகு மேலிடத்தின் தலையீட்டால் அது நிறுத்தப்பட்டது. ஆனால் பணம் வந்ததால் பக்தி பொய்யாகிவிடாது. காலையில் திருப்பலிக்குப் போய், மாலையில் பிள்ளைகளோடு செபமாலை சொன்ன பெண்கள் இவர்கள். யாரும் இவர்களைக் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வரவில்லை. நம்பிக்கையே இவர்களைத் தெருவுக்குக் கொண்டு வந்தது. அதனால்தான் இவர்களுடைய கதை நம்பிக்கை கொண்ட நமக்கெல்லாம் ஒரு பாடமாகிறது.

1964 பிப்ரவரியில் பெலோ ஒரிசோந்தே நகரில் பிரிசோலா பேசவிருந்தார். பெண்கள் செபமாலையோடு மண்டபத்துக்குள் வந்து அமர்ந்து உரக்கச் செபிக்கத் தொடங்கினார்கள். கூட்டம் கலைந்தது; அவரால் பேச முடியவில்லை. அன்று முதல் செபமாலை ஒரு போராட்டக் கருவியாகவே பேசப்பட்டது.

மார்ச் 13 அன்று குலார்ட் ரியோவின் மத்திய இரயில் நிலையத்தருகே பெருங்கூட்டத்தில் பேசினார். மத்திய அரசின் நெடுஞ்சாலைகள், இரயில் பாதைகளை ஒட்டிய பெரிய பண்ணைகளை எடுத்துக்கொள்ளும் ஆணையை வெளியிட்டார். பேச்சினிடையே, சலுகைகளைக் காக்கும் கேடயமாகக் கிறிஸ்தவம் இருந்ததில்லை என்றும், செபமாலைகளை மக்களுக்கு எதிராக உயர்த்தக் கூடாது என்றும் சொன்னார். இது பல கத்தோலிக்கர் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. சாவோ பவுலோவில் அருட்சகோதரி ஆனா டி லூர்துஸ், செபமாலைக்கு நேர்ந்த அவமதிப்புக்குப் பரிகாரம் செய்ய வேண்டும் என்றார். அந்த எண்ணம் ஆறே நாளில் ஊர்வலமாக மாறியது.

மார்ச் 19, சூசையப்பர் திருவிழா. குடியரசுச் சதுக்கத்திலிருந்து பேராலயச் சதுக்கம் வரை சாவோ பவுலோ நகரின் வீதிகள் நிரம்பி வழிந்தன. கடவுளோடு குடும்பம் விடுதலைக்காக நடக்கும் ஊர்வலம் என்று அதற்குப் பெயர். ஐந்து இலட்சம் பேர் என்பது அன்று சொல்லப்பட்ட கணக்கு. மாநில ஆளுநரின் மனைவியும் வந்திருந்தார். முடிவில் நாட்டின் மீட்புக்காகத் திருப்பலி நடந்தது. ஆயினும் அந்நகரின் பேராயர் கர்தினால் மோட்டா இந்த ஊர்வலத்தை ஆதரிக்கவில்லை. கத்தோலிக்க வாலிபர், தொழிலாளர் அமைப்புகளில் பலரும் விலகி நின்றார்கள். செபமாலையைப் பற்றி ஒரே வீட்டுக்குள் இரண்டு கருத்து இருந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

மார்ச் 31 அன்று படைகள் புறப்பட்டன. ஏப்ரல் முதல் நாளில் ஆட்சி கவிழ்ந்தது. குலார்ட் நாட்டைவிட்டு வெளியேறினார். ஏப்ரல் 2 அன்று ரியோவில் நடக்கவிருந்த ஊர்வலம் வெற்றி ஊர்வலமாயிற்று. பத்து இலட்சம் பேர் வந்ததாகச் சொல்லப்பட்டது. பெண்கள் கண்ணீரோடு நன்றிப் பாடல் பாடினார்கள். தங்கள் செபம் கேட்கப்பட்டது என்று நம்பினார்கள். சில வாரங்களில் ஆயர் பேரவையும் அறிக்கை விட்டது. கம்யூனிச ஆபத்திலிருந்து காத்ததற்காக இறைவனுக்கும் இராணுவத்துக்கும் அது நன்றி சொன்னது. அதே அறிக்கையில், ஆயர்கள் மீதும் குருக்கள் மீதும் பொதுநிலையினர் மீதும் பொய்யாகக் கம்யூனிஸ்டுப் பட்டம் கட்டுவதை அது கண்டித்தது.

அந்தக் கண்டனம் ஏன் தேவைப்பட்டது? வானொலி வழியாகப் பேசும் நாம் இங்கே ஒரு வானொலிக் கதையைச் சொல்லியாக வேண்டும். வடகிழக்கு பிரேசிலில் ஆயர்கள் வானொலிப் பள்ளிகள் நடத்தினார்கள். மாலையில் ஒரு குடிசையில் விளக்கேற்றி, நடுவில் வானொலிப் பெட்டியை வைத்து, அதிலிருந்து வரும் குரலைக் கேட்டு உழவர்கள் எழுத்துக் கற்றார்கள். ஊருக்கு ஒருவர் கூட இருந்து கற்றுக் கொடுத்தார். அவர்களிலும் செபமாலை சொல்லும் இளம்பெண்கள் பலர் இருந்தார்கள். அவர்கள் பயன்படுத்திய பாடநூலைக் கம்யூனிச நூல் என்று சொல்லி 1964 பிப்ரவரியிலேயே ரியோவில் காவல் துறை பறிமுதல் செய்தது. ஆட்சி மாறியபின் ஆசிரியர்கள் பலர் பிடித்துச் செல்லப்பட்டார்கள். பள்ளிகள் பல மூடப்பட்டன. எழுதப் படிக்கக் கற்றால் வாக்குரிமை வரும். வாக்குரிமை வந்தால் நிலம் கேட்பார்கள். சிலருக்கு இதுவே கம்யூனிசமாகத் தெரிந்தது.

ஊர்வலத்தில் நடந்த பெண்களில் பலர், சில மாதங்களில் தேர்தல் வரும், எல்லாம் சீராகிவிடும் என்று எண்ணினார்கள். வந்தது இருபத்தோரு ஆண்டு இராணுவ ஆட்சி. 1968 டிசம்பர் 13 அன்று வந்த ஐந்தாம் ஆணை நாடாளுமன்றத்தை மூடியது. அரசியல் கைதிகளுக்கு நீதிமன்றப் பாதுகாப்பு இல்லாமல் செய்தது. சித்திரவதை அன்றாட வழக்கமாயிற்று. 2014-இல் தேசிய உண்மை ஆணையம் கொல்லப்பட்டோரும் காணாமற்போனோரும் 434 பேர் எனப் பெயர் பெயராகப் பதிவு செய்தது. சிறை சென்ற மாணவர்களில் பலர் 1964-இல் ஊர்வலம் போனவர்களைப் போன்ற நடுத்தர வீட்டுப் பிள்ளைகளே.

கோவிலையும் அது விட்டுவைக்கவில்லை. ரெசிஃபே நகரில் பேராயர் எல்டர் கமாராவோடு இளைஞர் பணி செய்த அந்தோனியோ என்ரிக்கே என்ற இருபத்தெட்டு வயதுக் குரு 1969 மே மாதம் கொலை செய்யப்பட்டார். அதே ஆண்டு அக்டோபரில், ரிபேராவ் பிரேத்தோ நகரில் அனாதை இல்லம் நடத்தி வந்த பிரான்சிஸ்கன் அருட்சகோதரி மவுரினாவைக் காவல் துறை பிடித்துச் சென்றது. இளைஞர் குழுவுக்கு அவர் ஓர் அறையைக் கொடுத்திருந்தார். அவர்களில் சிலர் ஆயுதக் குழுவைச் சேர்ந்தவர்கள் என்பது அவருக்குத் தெரியாது. அவரைச் சித்திரவதை செய்தார்கள். அந்நகரின் பேராயர் இரண்டு காவல் அதிகாரிகளைத் திருச்சபையிலிருந்து விலக்கி ஆணையிட்டார். 1970-இல் அருட்சகோதரி மெக்சிகோவுக்கு நாடு கடத்தப்பட்டார். கத்தோலிக்கக் கன்னியரைக் கியூபாவைப் போல் விரட்டிவிடுவார்கள் என்று அஞ்சித்தானே தாய்மார் செபமாலையோடு வீதிக்கு வந்தார்கள்? எந்த ஆட்சியை வரவேற்றார்களோ, அதுவே ஒரு கன்னியாஸ்திரியை அடித்து நாடு கடத்தியது.

அன்புக்குரியவர்களே, கெத்சமனித் தோட்டத்தில் பேதுரு செய்ததை நினைத்துப் பார்ப்போம். ஆண்டவர் மீது அவருக்கிருந்த அன்பு பொய்யா? இல்லை. ஆபத்து கற்பனையா? அதுவும் இல்லை, படைவீரர்கள் கண்ணெதிரே நின்றார்கள். ஆனால் அந்த அன்பு வாளை உருவியது, ஒரு பணியாளின் காது துண்டானது. பேதுருவை ஆண்டவர் தள்ளிவிடவில்லை. வாளை உறையில் போடச் சொன்னார். அதோடு நிற்காமல், எதிரியின் பணியாளாகிய மால்குவின் காதைத் தொட்டுக் குணமாக்கினார். கைதாகும் முன் அவர் செய்த கடைசிப் புதுமை அது.

பிரேசில் பெண்களின் கையில் வாள் இல்லை. செபமாலை மட்டும்தான் இருந்தது. ஆனால் அதன் பின்னால் மறைந்து வாள் வந்தது. செபம் முடிந்ததும் வாளை உறையில் போடு என்று சொல்ல வேண்டிய நேரத்தில், பலர் நன்றிப் பாடல் பாடிவிட்டு வீடு திரும்பினார்கள். அவர்களுடைய செபத்தில் தங்கள் பிள்ளைகள் இருந்தார்கள், ஆலயம் இருந்தது, நாடு இருந்தது. கரும்புத் தோட்டத்து உழவனின் பிள்ளைகள் இருந்தார்களா? அன்னை மரியா எலிசபெத்தின் வீட்டில் பாடியபோது பசித்தோரை மறந்து பாடவில்லை. அந்த அன்னையின் மாலையைக் கையிலெடுக்கும்போது பசித்தோரை நாம் எண்ணாமல் விட்டால், மணிகளை எண்ணி என்ன பயன்?

திருத்தந்தை இருபத்து மூன்றாம் அருளப்பர் 1963-இல் உலக சமாதானம் பற்றி எழுதிய சுற்றுமடலில், தவறான கருத்து வேறு, அதைக் கொண்டிருக்கும் மனிதர் வேறு என்று தெளிவாகப் பிரித்துக் காட்டினார். கருத்தை எதிர்க்கலாம், மனிதரின் மாண்பு குறையாது. அடுத்த ஆண்டே பிரேசிலில் அந்தக் கோடு அழிந்துபோயிற்று. நிலம் கேட்டவன், எழுத்துக் கற்றுக் கொடுத்தவள், இளைஞருக்கு அறை தந்த கன்னியாஸ்திரி என எல்லாருமே கம்யூனிஸ்டு என்ற ஒரே பெயரால் அழைக்கப்பட்டார்கள். பெயர் வைத்தபின் அடிப்பது எளிதாயிற்று.

ஆனால் இந்த வரலாறு அங்கே முடியவில்லை. 1968 ஜூன் 26 அன்று ரியோவில் ஒரு இலட்சம் பேர் சர்வாதிகாரத்தை எதிர்த்து நடந்தபோது, தாய்மாரும் கன்னியரும் குருக்களும் அதில் நடந்தார்கள். 1970-இல் சாவோ பவுலோவின் பேராயரான பவுலோ எவரிஸ்தோ ஆர்ன்ஸ் சிறைகளுக்குப் போய்க் கைதிகளைச் சந்தித்தார். 1975 அக்டோபரில் யூதரான பத்திரிகையாளர் விளாதிமிர் எர்சோக் இராணுவக் காவலில் கொல்லப்பட்டார். தற்கொலை என்றது அரசு. அக்டோபர் 31 அன்று கர்தினால் ஆர்ன்ஸ் பேராலயத்தைத் திறந்து வைத்து, யூத ரபியோடும் பிரஸ்பித்தேரியப் போதகரோடும் சேர்ந்து அவருக்காகச் செபித்தார். காவல் துறை சாலைகளை அடைத்தும், உள்ளும் வெளியுமாக எட்டாயிரம் பேர் கூடினார்கள். 1964-இல் ஊர்வலம் வந்து நின்ற அதே சதுக்கம், அதே பேராலயம். அன்று கூடியவர்கள் இலட்சக்கணக்கு. இன்று சில ஆயிரம். ஆனால் இன்றைய செபத்துக்குப் பின்னால் வாள் இல்லை. வாளுக்கு எதிரே அது நின்றது.

அதே 1975-இல் தெரேசின்யா செர்பினி என்ற பெண்மணி சாவோ பவுலோவில் பொதுமன்னிப்புக்கான பெண்கள் இயக்கத்தைத் தொடங்கினார். அவர் ஒரு தளபதியின் மனைவி. அந்தத் தளபதி 1964-இல் ஆட்சிக் கவிழ்ப்பை எதிர்த்ததால் பதவி இழந்தவர். அவரும் சிறை கண்டவர். கைதிகளுக்கும் நாடு கடத்தப்பட்டோருக்கும் மன்னிப்பு கேட்டுப் பெண்கள் கையெழுத்து வாங்கினார்கள். தாய்மார், மனைவியர் என்ற அதே உரிமையில்தான் இவர்களும் பேசினார்கள். 1979 ஆகஸ்டில் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. சித்திரவதை செய்தவர்களையும் அது தப்பவிட்டது என்ற வருத்தம் இன்றும் உண்டு. எனினும் பிரிந்த குடும்பங்கள் பல ஒன்று சேர்ந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு 1985-இல்தான் வாக்குரிமை கிடைத்தது.

இறைமக்களே, இதையெல்லாம் கேட்டுவிட்டு, நம்பிக்கை கொண்டவர்கள் பொதுவாழ்வில் தலையிடவே கூடாது என்று நாம் முடிவு கட்ட வேண்டாம். தலையிட வேண்டும்; பெண்கள் முன்னே வந்து நிற்கவும் வேண்டும். கடவுளை மறுத்து மனிதரை ஒடுக்கும் ஆட்சியை எதிர்ப்பது கிறிஸ்தவக் கடமையே. ஆனால் செபமாலையைக் கையிலெடுத்து வெளியே இறங்குமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: யாருக்கு எதிராக இதை ஏந்துகிறோமோ, அவர்களுக்காகவும் ஒரு பத்து மணி சொல்லியிருக்கிறோமா? நாம் கேட்டது கிடைத்தபின் யாராவது அழுதால், அந்த அழுகை நம் காதில் விழுமா? அந்த வேளையில் வாளை உறையில் போடு என்று சொல்ல நமக்குத் துணிவு இருக்குமா?

இன்று மாலை குடும்பமாக முழந்தாளிடும்போது, நமக்குப் பிடிக்காத ஒருவருடைய பெயரை, நம் கட்சியல்லாத, நம் கருத்தல்லாத ஒருவருடைய பெயரை வாய்விட்டுச் சொல்லி அவருக்காக ஒரு அருள் நிறைந்த மரியே செபிப்போம். சேர்ந்து செபிக்கும் குடும்பம் சேர்ந்து வாழும் என்று பெய்ட்டன் அடிகளார் சொன்னது உண்மையே. அந்தக் குடும்பத்தில் யார் யாரைச் சேர்த்துக்கொள்வது என்பதை ஆண்டவர் நம்மிடம் விட்டிருக்கிறார்.

மால்குவின் காதைத் தொட்ட இயேசுவே, எங்கள் கைகளையும் தொட்டருளும். ஆமென்.